தளமும் கடையும் ஒரே கையில்: கிராப் – ஜெயா குரோசர் இணைவும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மளிகை வணிகமும்

2021 டிசம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்த கிராப் நிறுவனம், அதே மாதத்தில் ஜெயா குரோசர் பேரங்காடிகளின் பெரும்பான்மைப் பங்குரிமையை வாங்கப்போவதாக அறிவித்தது. 2012இல் கோலாலம்பூரில் 'மைடெக்சி' என்ற வாடகைக்கார் செயலியாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஜெயா குரோசர் 2007இல் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கி, பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தது. சிறு மளிகைக் கடைகளுக்கு இந்த இணைவால் நேரும் பெரிய ஆபத்து விலைப்போட்டி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. சிறு வணிகர் சரக்கை விற்கும் இணையச் சந்தையும் அவரோடு போட்டியிடும் கடையும் ஒரே உரிமையாளரிடம் சேர்வதே அதனினும் பெரிய ஆபத்து என்பது இக்கட்டுரையின் வாதம்.

இணைய நிறுவனத்துக்குக் கடை எதற்கு?

அலிபாபா 2016இல் ஷாங்காயில் முதல் ஹேமா மளிகைக் கடையைத் திறந்தது. அமேசான் 2017இல் ஹோல் ஃபுட்ஸ் மளிகை நிறுவனத்தை 1,370 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மளிகைச் சரக்கு கனமானது, சீக்கிரம் கெடுவது, லாபம் குறைந்தது. பிறர் கடையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் செயலிக்கு அலமாரியில் என்ன இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாது. திரையில் இருக்கும் கீரை கடையில் இருக்காது. சரக்கெடுக்கும் ஊழியர் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பி, மாற்றுப் பொருளுக்குச் சம்மதம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அப்படி இயங்கிய ஹேப்பிஃபிரெஷ் செயலி 2015இல் கோலாலம்பூருக்கு வந்து 2022இல் மலேசியாவை விட்டு வெளியேறியது. கடையே சொந்தமானால் இருப்புக் கணக்கும் விற்பனை லாபமும் மொத்தக் கொள்முதல் தள்ளுபடியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைகளின் நிலை

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள தமிழர் கடைகளுக்கு இரண்டு பலங்கள் உண்டு. ஒன்று, பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் மண்பானையும், நாள்தோறும் வெற்றிலையும் வாழையிலையும் தரும் தனித்தன்மை. மற்றொன்று, கடன். சட்டைப் பைக்குள் அடங்கும் '555' குறிப்புப் புத்தகத்தில் பற்று எழுதி, சம்பள நாளில் வரவு வைக்கும் வழக்கம் மலேசியச் சில்லறை வணிகம் முழுவதற்கும் பொதுவானது. யாருக்கு எந்தத் தேதியில் சம்பளம் வரும், யார் வீட்டில் நோய் என்பதைக் கடைக்காரர் அறிவார். அந்த அறிவுதான் கடனுக்குப் பிணை.

ஜெயா குரோசரின் வசதி படைத்த வாடிக்கையாளர் வேறு, இக்கடைகளின் வாடிக்கையாளர் வேறு என்ற மறுப்பு எழலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் விழாக்காலச் சரக்கு மட்டும் ஆண்டு முழுவதும் கடை வாடகையைக் கட்டித் தராது. அரிசி, எண்ணெய், சோப்பு என்னும் மாதாந்தரப் பட்டியல்தான் கடையைத் தாங்குகிறது. இணைய வணிகம் குறிவைப்பதும் அதையே. கிராப், சிங்டெல் பின்புலம் கொண்ட ஜிஎக்ஸ் இணைய வங்கி 2023 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின், கொடுக்கல் வாங்கல் பற்றிய அறிவும் கடைக்காரருக்கு மட்டுமே உரியதாக இல்லை. அதே கடைக்காரர் கிராப்பின் இணையச் சந்தையான கிராப்மார்ட்டில் சரக்கைப் பட்டியலிட்டால், அங்கே எது விற்கிறது, எந்தப் பேட்டையில், என்ன விலைக்கு என்ற விவரங்கள் தளத்தின் வசமாகின்றன.

சட்டத்தின் இடைவெளி

2000களின் முற்பகுதியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் புதிய மாபெரும் அங்காடிகளுக்கு அரசு தடை விதித்தது. 2011இல் 'துக்கார்' திட்டத்தின்வழி சிறு கடைகளைப் புதுப்பிக்க உதவியது. இரண்டும் கட்டடத்தையும் அலமாரியையும் கண்டன. தரவின் வலிமையைக் காணவில்லை. 2012இல் நடப்புக்கு வந்த போட்டிச் சட்டம் 2010இல், நிறுவன இணைவுகளை ஆராயும் பொதுவான அதிகாரம் இடம்பெறவில்லை. 2018இல் ஊபரின் தென்கிழக்காசிய வணிகம் கிராப்பிடம் சென்றபோது, சிங்கப்பூர் போட்டி ஆணையம் இரு நிறுவனங்களுக்கும் மொத்தம் 1.3 கோடி சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதித்தது. மலேசியப் போட்டி ஆணையமோ அந்த இணைவை ஆராய வழியின்றி, 2019இல் ஓட்டுநர்கள்மீதான கட்டுப்பாடு தொடர்பாகத் தனியே 8.6 கோடி மலேசிய வெள்ளிக்கு மேல் அபராதம் முன்மொழிந்தது. ஜெயா குரோசர் கைமாறியதும் அதே இடைவெளியில்தான். 2022இல் மலேசிய ஆணையம் இணைவு ஆய்வுக்கான சட்டத் திருத்தங்களை முன்வைத்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது.

பிற நாடுகள் வழி காட்டியுள்ளன. இந்தியா 2018 டிசம்பர் விதியால், அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தைகள் தாம் பங்கு வைத்துள்ள நிறுவனங்களின் சரக்கைத் தம் தளத்தில் விற்பதைத் தடுத்தது. பிற விற்பனையாளரின் வெளிவராத தரவைத் தன் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்ற அமேசானின் உறுதிமொழியை ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் சட்டப்படி கட்டுப்படுத்துவதாக ஆக்கியது.

முடிவு

மலேசியாவுக்கு இரண்டு விதிகள் தேவை: இணைவுக்கு முன்பே ஆய்வு, தளம் திரட்டும் விற்பனையாளர் தரவுக்கும் தளத்தின் சொந்தக் கடைக்கும் இடையே சட்டப்படியான தடுப்பு. வணிகருக்கும் ஒரு கடமை உண்டு. ரப்பர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு தொகைகளைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. அவர் பெயர் தாங்கிய சாலையின் கடைக்காரர்களும் கிள்ளான் கடைக்காரர்களும் கூட்டுக் கொள்முதலுக்கும் பொது விநியோகத்துக்கும் கூட்டுறவாக ஒன்றுசேர வேண்டும். இந்திய வர்த்தகச் சங்கங்கள் அம்முயற்சியை இப்போதே கையிலெடுக்க வேண்டும்.