நார்வேக் கருவாடும் ஏழு இலக்க எண்ணும்

மதுரையில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். 2013 வரை எனக்கு எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், என்றால் சிடியில் வரும் பொருள்தான். உறையைப் பிரித்து, சாவி எண்ணைத் தட்டி, கணினியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். குதிரையைப் பலி கொடுக்கச் சொல்லும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. அந்த வருஷம்தான் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் மூல நிரல் முழுவதையும் இறக்கி, வீட்டிலேயே கம்பைல் செய்து, அதாவது ஓடக்கூடிய எஞ்சினாக மாற்றிப் பார்த்தேன்.

கறுப்புத் திரையில் 'மேக்' கட்டளையைக் கொடுத்ததும் வரிகள் ஓடின. பிழை ஒன்றும் வரவில்லை. எஞ்சினைத் திறந்தேன். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ஒரே வரி. அத்துடன் செத்துப் போனது. மூன்று சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். நிரலில் குறையே இல்லை. என் கணினி எந்த வகை என்று சொல்ல வேண்டிய இடத்தில், பட்டியலில் இருந்த 'மாடர்ன்' என்ற பெயரை நம்பிக் கொடுத்துவிட்டேன். என்னுடையதோ பழைய சில்லு.

அந்தச் சில்லுக்குத் தெரியாதது ஒரே ஒரு வேலை: ஓர் எண்ணுக்குள் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று ஒரே அடியில் எண்ணுவது. செஸ் பலகையில் 64 கட்டம். 64 பிட் எண்ணில் ஒவ்வொரு பிட்டும் ஒரு கட்டம். வெள்ளைச் சிப்பாய்களுக்கு ஓர் எண், கறுப்புக் குதிரைகளுக்கு ஓர் எண் என்று வைத்துக்கொண்டால், ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைச் சிப்பாய் எண்ணில் இரண்டாம் வரிசையின் எட்டு பிட்டும் ஒன்றாக இருக்கும், மற்றதெல்லாம் பூஜ்யம். ராணி எத்தனை கட்டத்துக்குப் போக முடியும் என்று கேட்டால், ஒன்றுகளை எண்ணினால் போதும். எஞ்சின் இதை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை கேட்கிறது. அந்தக் கணக்குக்கான 'பாப்கவுண்ட்' கட்டளை 1970-களிலேயே கிரே சூப்பர் கணினியில் இருந்தது. வீட்டுக் கணினிச் சில்லுகளுக்கு அது வந்து சேர 2007, 2008 ஆகிவிட்டது. சாதாரண 64 பிட் வகையைக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்தேன், ஓடியது.

கிரே என்றதும் ராபர்ட் ஹயட்டைச் சொல்லாமல் போக முடியாது. அவரும் நண்பர்களும் எழுதிய கிரே பிளிட்ஸ் 1983-லும் 1986-லும் கணினிகளுக்கான உலக செஸ் பட்டத்தை வென்றது. பிறகு அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் பேராசிரியராக இருந்தபடி, 1990-களின் நடுவில் கிராஃப்டி என்ற எஞ்சினை எழுதி, மூல நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்தார். எப்படிக் கம்பைல் செய்வது என்று சொல்லும் அதன் மேக்ஃபைலைப் பார்த்திருக்கிறேன். எந்த இயந்திரத்துக்கு எந்தக் கம்பைலர், அதற்கு எந்த அமைப்பு என்று வரிவரியாக எழுதி வைத்திருப்பார்கள். சில்லுகளின் வேகத்தை அளக்கும் ஸ்பெக் 2000 சோதனைத் தொகுப்பிலும் கிராஃப்டி இடம் பெற்றது. அதாவது சில்லு செய்கிறவர்களே தங்கள் சரக்கை ஒரு பேராசிரியரின் செஸ் நிரலை ஓட்டித்தான் மதிப்பிட்டார்கள். எனக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் கிராஃப்டியைப் படிக்கலாம், கம்பைல் செய்யலாம், வியாபாரம் செய்ய முடியாது. 1984-இல் தொடங்கிய க்னூ செஸ் சுதந்திரமான நிரல்தான். அதன் ஆட்டம் உச்சத்துக்கு எட்டவில்லை. உச்சத்தில் ஆடும் எஞ்சினை முழு உரிமையோடு கையில் கொடுத்தவர் பிரான்சின் ஃபேபியன் லெட்டூசே. 2005-இல் ஃப்ரூட் 2.1 என்ற எஞ்சினை ஜிபிஎல் என்ற சுதந்திர உரிமத்தில் வெளியிட்டார். அதே வருஷம் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் போட்டியில் ஃப்ரூட் இரண்டாம் இடம். அடுத்த பதிப்பை அவர் விற்பனைக்குக் கொண்டுபோனார். கொடுத்த 2.1 கொடுத்ததாகவே இருந்தது; ஒரு தலைமுறை அதைப் படித்துத்தான் எழுதக் கற்றது.

நார்வேயின் டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய க்ளாவ்ருங் எஞ்சினை எடுத்து, இத்தாலியின் மார்கோ கோஸ்டல்பா 2008 நவம்பரில் ஸ்டாக்ஃபிஷ் என்று வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்பது நார்வேயில் உப்பே போடாமல் குளிர்காற்றில் காயவைக்கும் கருவாடு. இத்தாலிக்காரர்கள் அதை ஊறவைத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள். பிடித்த ஊர் ஒன்று, சமைத்த ஊர் ஒன்று; பெயர்ப் பொருத்தம் அதுதான். 2013-இல் கேரி லின்ஸ்காட் ஃபிஷ்டெஸ்ட் என்ற சோதனை ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். யாரோ செய்த ஒரு திருத்தம் நல்லதா என்று பார்க்க, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கணினிகளை இரவெல்லாம் ஆட விட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடித் தேறினால்தான் திருத்தம் உள்ளே போகும்.

முகம் தெரியாதவர்களுக்குள் இந்த வேலை நடக்க ஒரு வழக்கம் துணை நின்றது. அதுதான் 'பெஞ்ச்'. கம்பைல் செய்து முடித்ததும் இந்தக் கட்டளையைக் கொடுத்தால், எஞ்சின் தன்னிடம் உள்ள சில பத்து நிலைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தேடலில் மொத்தம் எத்தனை கணுக்களை, அதாவது நிலைகளை, பார்த்தது என்று ஓர் எண்ணைச் சொல்லும். பெரும்பாலும் ஏழு இலக்கம். வேகம் கணினிக்குக் கணினி மாறும். இந்த எண் மாறக் கூடாது. ஆட்டத்தை மாற்றும் எந்தத் திருத்தத்தை எழுதினாலும் குறிப்பில் அந்த எண்ணையும் பதிந்து வைப்பார்கள். உங்கள் எண் ஓர் இலக்கம் பிசகினாலும் நீங்கள் கட்டியது அந்த எஞ்சின் இல்லை. 2020 செப்டம்பரில் ஸ்டாக்ஃபிஷ் 12-உடன் நரம்பு வலைப்பின்னல் வந்தபோதும் அதே பிடிவாதம்தான். ஜப்பானில் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018-இல் உருவாக்கியது அந்த வலைப்பின்னல் முறை. அப்போது வலைப்பின்னல் சுமார் 20 எம்பி கோப்பாகத் தனியாக வந்தது. அந்தக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட பன்னிரண்டு எழுத்துதான் அதன் பெயர். ஒரு பைட் கெட்டாலும் பெயரும் பொருளும் ஒட்டாது.

என் முதல் பெஞ்ச் எண்ணை நோட்டில் எழுதி, குறிப்பில் இருந்த எண்ணுக்கு நேராகப் பென்சிலால் ஒவ்வொரு இலக்கமாக டிக் அடித்தேன். ஏழும் பொருந்தின. கணக்குப் பரீட்சையில் விடை சரியாக வந்த பையனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் என்னிடம் படித்த பையன் கல்லூரி விடுதியிலிருந்து போன் செய்தான்.

"சார், கட்டிட்டேன். எண்ணைப் படிக்கவா?"

"மெதுவாப் படிப்பா."

நான் என் கணினியில் வந்த எண்ணை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். சரியாக இருந்தது. கணினி வகை என்ன கொடுத்தாய் என்று கேட்டேன். எனக்கு மூன்று சாயங்காலம் போன இடமாயிற்றே.

"ஒண்ணும் கொடுக்கலை சார். இப்போ அதுவே சில்லைப் பார்த்துக் கண்டுபிடிச்சிருது."