ஊமைச் சிறுவனின் தீர்ப்பு

இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். அவற்றுள் மெய்யுரை எதுவெனத் தேர்ந்தவன், அவ்வுரைநூல் கூறும் மரபின்படி, உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவன். நக்கீரர் உரையின் ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் கண் கலங்கியது, உடல் சிலிர்த்தது. கதையே ஆயினும், கற்பிக்கும் நூலின் தரத்தைக் கேட்போனே அளக்கலாம் என்னும் எண்ணம் அதில் உண்டு.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலோ அளவுகோலையே மாணவன் கையில் தருகிறது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் இலக்கணப் பாடத்துக்கு முன்னரே, பாயிரத்தில் வந்துவிடுகின்றன. நாம் அவற்றை மனப்பாடப் பகுதியாக்கி மதிப்பெண் இட்டோம். பாடநூலை அவற்றால் அளந்து பார்க்கச் சொல்லவில்லை.

சென்ற பருவத்தில் என் பாடக்குறிப்பையே மாணவரிடம் அளக்கக் கொடுத்தேன். மூன்று இடங்களில் ‘கூறியது கூறல்’ என்று ஓரத்தில் எழுதித் தந்தனர். முதலில் சுருக்கென்றது, பிறகு திருத்திக்கொண்டேன்.