கனடாவில் நாடுகடத்தல் முடிவுகளின் நீதிமன்ற மீளாய்வு

கனடாவில் நாடுகடத்தல் முடிவுகளின் நீதிமன்ற மீளாய்வு என்பது, குடிவரவு அதிகாரிகள், தீர்ப்பாயங்கள் அல்லது அமைச்சர் எடுத்த முடிவு சட்டத்துக்கும் நியாயமான நடைமுறைக்கும் உட்பட்டு எடுக்கப்பட்டதா என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆராயும் வழிமுறை ஆகும். இது மேன்முறையீடு அன்று. ஒருவர் கனடாவில் தங்கலாமா என்ற கேள்விக்கு நீதிபதி விடை கூறுவதில்லை. அக்கேள்விக்கு அதிகாரி விடை கண்ட முறையையே ஆராய்கிறார். எனவே வழக்கில் வென்றவருக்கும் பொதுவாகக் கிடைப்பது வதிவுரிமை அன்று, வேறோர் அதிகாரியின் முன் மீண்டும் ஒரு வாய்ப்பே.

== வெளியேற்ற ஆணைகள் ==
வெளியேறுகை ஆணை, விலக்கல் ஆணை, நாடுகடத்தல் ஆணை என வெளியேற்ற ஆணைகள் மூவகைப்படும். வெளியேறுகை ஆணை பெற்றவர் 30 நாட்களுக்குள் முறைப்படி வெளியேறாவிடின் அது நாடுகடத்தல் ஆணையாக மாறிவிடும். நாடுகடத்தப்பட்டவர் சிறப்பு அனுமதி இன்றி எக்காலத்தும் திரும்பி வர இயலாது.

நிரந்தர வதிவுரிமை பெற்றோர் பலர் முதலில் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவை நாடலாம். ஆனால் கடுங்குற்றத்துக்காகக் கனடாவில் 6 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு 2013 முதல் அவ்வுரிமை இல்லை. அதற்கு முன் இவ்வெல்லை 2 ஆண்டுகளாக இருந்தது.

== மனுச் செய்யும் முறை ==
2002 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மீளாய்வு கோருபவர் முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டும். கனடாவுக்குள் எடுக்கப்பட்ட முடிவாயின் 15 நாட்களுக்குள்ளும், வெளிநாட்டில் எடுக்கப்பட்டதாயின் 60 நாட்களுக்குள்ளும் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அனுமதி மனுவை நீதிபதி பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டே முடிவு செய்கிறார். மறுத்தால் காரணம் கூறவேண்டியதில்லை. மறுப்புக்கு எதிராக மேன்முறையீடும் இல்லை. இம்முறையில் மிகுந்த விமர்சனத்துக்கு உள்ளானது இப்பகுதியே எனலாம்.

அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாட்களுக்குள் விசாரணை நடைபெறும். அதன் தீர்ப்பை எதிர்த்து மேலே செல்லவும் தடை உண்டு: பொது முக்கியத்துவம் வாய்ந்த கேள்வி ஒன்று எழுந்துள்ளதாக அதே நீதிபதி சான்றளித்தால்தான் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை அணுகலாம்.

== இடைக்காலத் தடை ==
மனுத் தாக்கல் செய்வதால் மட்டும் வெளியேற்றம் நிற்பதில்லை. அகதி மேன்முறையீட்டுப் பிரிவின் மறுப்பை எதிர்ப்போரில் பலருக்குத் தானாகவே தடை கிடைக்கிறது. ஏனையோர் தனியாகத் தடை கோரவேண்டும். பயணநாள் குறிக்கப்பட்ட பின், புறப்பாட்டுக்குச் சில நாட்களோ சில மணிநேரமோ இருக்கும்போது இம்மனுக்கள் விசாரிக்கப்படுவதுண்டு. நடைமுறையில் பலருடைய தலைவிதி மூல வழக்கில் அன்றி இங்கேயே தீர்மானமாகிறது. வெளியேற்றப்பட்ட பின் சிலவகை வழக்குகள் பொருளற்றுப் போய்விடும்.

1988 ஆம் ஆண்டின் டோத் வழக்கின்படி மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். அவை ஆராயத்தக்க கேள்வி இருத்தல், ஈடுசெய்ய முடியாத தீங்கு நேருதல், வசதிகளின் சமநிலை மனுதாரர் பக்கம் இருத்தல் என்பனவாகும். இரண்டாவதே கடினமானது. குடும்பத்தைப் பிரிவதும் வேலையை இழப்பதும் நாடுகடத்தலின் வழமையான விளைவுகள் என்பதால் அவை மட்டும் போதா எனப் பல தீர்ப்புகள் கூறியுள்ளன.

== முக்கிய தீர்ப்புகள் ==
1985 ஏப்ரல் 4 அன்று வழங்கப்பட்ட சிங் தீர்ப்பு, அகதிக் கோரிக்கையாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவரை நேரில் விசாரிக்க வேண்டும் என்றது. நீதிபதிகளுள் மூவர் இதற்கு உரிமைகள், சுதந்திரங்கள் பட்டயத்தை ஆதாரமாகக் கொண்டனர். அதிலுள்ள 'ஒவ்வொருவரும்' என்ற சொல் குடிமக்களை மட்டுமன்றிக் கனடா மண்ணில் இருக்கும் அனைவரையும் குறிக்கும் என்றனர்.

1999 இன் பேக்கர் வழக்கு, கனடாவில் பிறந்த நான்கு பிள்ளைகளின் தாயான யமேக்கா நாட்டு வீட்டுப் பணிப்பெண் ஒருவரைப் பற்றியது. முதலில் காரணம் எதுவும் கூறாமலே அவரது மனிதாபிமான விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவரது வழக்கறிஞர் கேட்டுப் பெற்ற அதிகாரியின் குறிப்புகளே வழக்கின் போக்கை மாற்றின. அவை பக்கச்சார்பு பற்றிய நியாயமான ஐயத்தை எழுப்புவதாகவும், பிள்ளைகளின் நலன் கருத்தில் கொள்ளப்படவில்லை என்றும் கூறி உச்ச நீதிமன்றம் முடிவை நீக்கியது.

சுரேஷ் வழக்கு ஈழத்தமிழர் ஒருவருடையது. 1991 இல் அகதியாக ஏற்கப்பட்ட அவரை, விடுதலைப் புலிகள் அமைப்புடன் தொடர்புடையவர் என்று கூறி இலங்கைக்கு அனுப்ப அரசு முயன்றது. சித்திரவதை நேரக்கூடிய நாட்டுக்கு அனுப்புவது பொதுவாகப் பட்டயத்துக்கு முரணானது என்று 2002 சனவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 'விதிவிலக்கான சூழ்நிலை' என்ற வாயிலை அது முற்றாக மூடவில்லை. அமைச்சர் சார்ந்திருந்த ஆவணங்களைக் காட்டாமலும், பதிலளிக்க வாய்ப்பு வழங்காமலும், காரணம் கூறாமலும் எடுக்கப்பட்ட முடிவு செல்லாது என்றது. அதே நாளில் தீர்ப்பளிக்கப்பட்ட அகானி வழக்கில் மனுதாரர் தோற்றார். ஐ.நா. மனித உரிமைகள் குழு காத்திருக்குமாறு கேட்டும் அவ்வாண்டே அவர் ஈரானுக்கு அனுப்பப்பட்டார்.

2019 இன் வவிலோவ் தீர்ப்பு முதல், முடிவு நியாயமானதா என்பதே பொதுவான அளவுகோலாக உள்ளது. அவ்வழக்கு நாடுகடத்தல் பற்றியது அன்று. தொராண்டோவில் உருசிய உளவாளிகளுக்குப் பிறந்த ஒருவரின் குடியுரிமை பற்றியது. ஆயினும், ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ வாழ்வாதாரத்தையோ பாதிக்கும் முடிவுக்குத் தரும் காரணங்கள் அப்பாதிப்பின் கனத்துக்கு ஏற்றனவாக இருக்கவேண்டும் என்ற அதன் கூற்று, நாடுகடத்தல் வழக்குகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது.