ஓரெழுத்துப் பிழையும் புரதப் பேரேடும்

செய்யுளொன்றில் ஓரெழுத்து மாறினாற் பொருளே மாறிவிடுவதுண்டு. மனித உடலிலும் அத்தகைய பிழைகள் நேர்கின்றன. அவற்றைக் கண்டறிய உதவும் பேரேடு ஒன்றின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

1910 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரனாடாத் தீவிலிருந்து கல்வி கற்க வந்த இளைஞன் ஒருவனின் குருதியில் அரிவாள்போல் வளைந்த செங்குழியங்களைக் கண்டு எழுதினார். காரணம் எவர்க்கும் புலப்படவில்லை. 1949 இல் லைனஸ் போலிங்கும் அவர்தம் துணைவரும், குற்றம் குழியத்தினுள் நிறைந்த ஈமோகுளோபின் என்னும் புரதத்திலேயே உளது எனக் காட்டினர். பின்னர் கேம்பிரிட்ஜில் வேர்னன் இங்கிராம் அப்புரதத்தை நொதியத்தினால் துண்டுகளாக்கித் தாளின்மீது பரப்பி, நலமுற்றோரின் புரதத்தோடு ஒப்பிட்டார். ஒரேயொரு துண்டு இடம் மாறி நின்றது. குளுத்தாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வலீன் அமர்ந்திருந்ததை 1957 இல் அவர் வெளியிட்டார். 146 அமினோவமிலங்கள் கோத்த பீற்றாச் சங்கிலியின் ஆறாம் இடம் அது.

இயல்பான வரிசையை அறிந்தவர்க்கன்றோ பிழை புலப்படும்? இத்தேவையை உணர்ந்த மார்கரெட் டேஹாஃப் அம்மையார், 1965 இல் அமெரிக்காவில் 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டித் தம் துணைவருடன் நூலாக வெளியிட்டார். 1986 இல் ஜெனீவாவில் அமோஸ் பெய்ரோக் சுவிஸ்-புரொட் என்னும் கணினித் தொகுப்பைத் தொடங்கினார். அம்மையாரின் பணிவழி வந்த தொகுப்பும் சுவிஸ் தொகுப்பும் ஐரோப்பிய நிறுவனமொன்றின் துணையோடு 2002 இல் ஒன்றுசேர, யூனிபுரொட் உருவாயிற்று. இணையத்தின் வழியே எவரும் கட்டணமின்றி அதனைப் பார்க்கலாம்.

இன்று நோயாளியின் மரபணுவில் மாற்றமொன்று தென்பட்டால், ஆய்வாளர் இப்பேரேட்டைப் புரட்டுகின்றனர். மாறிய இடம் புரதத்தில் என்ன தொழில் புரிகின்றது, பிற உயிர்களிலும் அவ்விடம் மாறாது நிற்கின்றதா, முன்னர் எந்நோயோடு தொடர்புற்றது என ஆராய்கின்றனர்.

ஆயினும் ஏட்டைப் புரட்டுவது மட்டும் போதாது. அதே ஆறாம் இடத்தில் வலீனுக்குப் பதிலாக லைசீன் அமருமாயின், பெற்றோர் இருவரிடமிருந்தும் அதனைப் பெற்றவர்க்கும் பெரும்பாலும் இலேசான சோகையே உண்டாகும். இடம் ஒன்றே, விளைவோ வேறு. மேலும், புரதம் முதிருமுன் கழன்றுவிடும் முதல் மெதியோனினையும் சேர்த்து எண்ணுவதால், பேரேட்டில் அவ்விடம் ஏழாகக் குறிக்கப்படுகின்றது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மயங்கிக் கொள்பவர், நோயை அடுத்த இடத்திலே தேடுவர்.

மாற்றம் யாவும் நோயன்று. நலமுற்றவனை நோயாளி என்பதும், நோயாளியை நலமுற்றவன் என்பதும் ஒரு குடும்பத்தின் வாழ்வையே கலக்கிவிடும். எனவே ஏட்டைத் தொகுத்தோரின் பொறுமை, அதனைப் படிப்போரிடத்தும் இருத்தல் வேண்டும்.