சாவுக் கட்டிலில் தந்தம்

பெருங்குடிக்கு மேற்கேயுள்ள பல்லாவரத்தில் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்த சுடுமண் ஈமப்பேழைகளுக்குக் கால்கள் உண்டு. இறந்தோர்க்கு அமைத்த மண்கட்டில்கள் என்றே சொல்லலாம்.

விவிலியம் கூசு என்றழைக்கும் நூபியாவில் அது மரக்கட்டிலாகவே இருந்தது. கெர்மா இடுகாட்டை 1913 முதல் 1916 வரை ஜார்ஜ் ரைஸ்னர் அகழ்ந்தார். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கட்டில்களின் கால்கள் மாட்டுக்கால் வடிவின. கால்மாட்டுப் பலகையில் தந்தத்தால் இழைத்த விலங்குகள், பறவைகள். அவற்றோடு, கத்தியேந்தி நிற்கும் நீர்யானை உருவத் தவேரத். மகப்பேற்றைக் காப்பதாக எகிப்தியர் நம்பிய தெய்வம் அது! சாவுக் கட்டிலில் அதைப் பதித்த கம்மியனின் நம்பிக்கை நெஞ்சைத் தொடுகிறது.

ஆனால் பெருமேடுகளில், தலைவனோடு நூற்றுக்கணக்கானோரும் புதைக்கப்பட்டிருந்தனர். உயிரோடுதான் என்பது ரைஸ்னரின் கருத்து. அவர்கள் கிடந்ததோ வெறுந்தரையில்.