இரு எஞ்சின்கள், ஒரு பட்டம்: மீண்டும் ஓடும் நீராவி எஞ்சினின் தொன்மை எதில் உள்ளது?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்ட் ஹியூவிட்சன் நிறுவனம் 1855இல் கட்டிய இரு நீராவி எஞ்சின்கள் இன்றும் இந்தியாவில் உள்ளன. ஈஸ்ட் இந்தியன் இரயில்வே கம்பெனியின் பதிவில் ஒன்றின் எண் 21, மற்றொன்றின் எண் 22. முன்னது ‘எக்ஸ்பிரஸ்’ எனவும் பின்னது ‘ஃபேரி குவீன்’ எனவும் அறியப்படுகின்றன. இரண்டும் 1909இல் பணியிலிருந்து விலக்கப்பட்டன. இரண்டும் சென்னைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் செப்பனிடப்பெற்று மீண்டும் ஓடின: 22 முதலில் 1997இலும், 21 அதன்பின் 2010இலும். உலகில் ஓடும் நிலையிலுள்ள மிகப் பழைய நீராவி எஞ்சின் என்ற பட்டம் இரண்டுக்குமே கோரப்பட்டது. வழக்கமான சேவையிலுள்ள மிகப் பழைய எஞ்சின் என்ற கின்னஸ் அங்கீகாரம் 1998இல் ஃபேரி குவீனுக்குக் கிடைத்தது.

இவ்விரண்டில் எது மூத்தது என்பது சிறிய கேள்வி. மீண்டும் ஓடத் தொடங்கிய ஓர் எஞ்சினில் பழையது என்று எதைச் சொல்வது என்பதே பெரிய கேள்வி. தொழில் வரலாறும் மரபுப் பாதுகாப்பும் பயில்வோர் இதைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

எண் 22 கல்கத்தா வந்து சேர்ந்த 1855ஆம் ஆண்டில்தான் ஹௌராவிலிருந்து இராணிகஞ்ச் நிலக்கரிப் பகுதிவரை இருப்புப்பாதை திறக்கப்பட்டிருந்தது. அப்பாதையில் அது இலகுவான அஞ்சல் வண்டிகளை இழுத்தது. 1857 எழுச்சியின்போது படைவண்டிகளை இழுத்தது. ‘ஃபேரி குவீன்’ என்ற பெயர் 1895இல்தான் வந்தது. பின்னாளில் பீகாரில் இருப்புப்பாதை அமைக்கும் பணிக்கு அனுப்பப்பட்டது. ஓய்வு பெற்றபின் ஹௌரா நிலையத்துக்கு வெளியே பீடமொன்றில் நின்றது. 1943இல் சந்தௌசி இரயில்வே பயிற்சிப் பள்ளிக்குச் சென்றது. 1977இல் டெல்லியில் திறக்கப்பட்ட தேசிய இரயில் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. ஆக, ஓடிய காலம் ஏறத்தாழ 54 ஆண்டுகள். நின்ற காலம் 88 ஆண்டுகள்.

நிற்கும் எஞ்சினுக்கு வெளிப்பூச்சு போதும். ஓட வேண்டிய எஞ்சினுக்கு அது போதாது. முதற்கண் கொதிகலன். நீராவி அழுத்தத்தில் உள்ள நீர், கலனில் பிளவு ஏற்பட்டால் நொடியில் ஆவியாகி விரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொதிகலன் விபத்துகள் பலவும் இவ்வகையினவே. எனவே தகட்டின் தடிப்பு இடந்தோறும் அளக்கப்படும். நெருப்புப் பெட்டியிலிருந்து புகைப்பெட்டிவரை செல்லும் குழாய்கள் கழற்றப்பட்டுத் தேய்ந்தவை மாற்றப்படும். பின்னர் கலனில் குளிர்நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் சோதிப்பர். நீர் எளிதில் சுருங்காதது. ஆதலால் சோதனையில் தகடு விட்டுக்கொடுத்தாலும் கசிவோடு நின்றுவிடும், வெடிப்பு நேராது. நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயம் நிரப்பிய செருகி ஒன்று உண்டு. நீர்மட்டம் அபாய அளவுக்குத் தாழ்ந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மீது பாய்ந்து எச்சரிக்கும். அச்செருகியும் பாதுகாப்பு வால்வுகளும் புதிதாகப் பொருத்தப்பட்டாக வேண்டும்.

இயங்கு பகுதிகளுக்கும் இதே கதிதான். சிலிண்டரின் உட்புறம் கடையப்படும். பிஸ்டன் வளையங்கள் மாற்றப்படும். அச்சுத் தாங்கிகளில் புதிய உலோகம் வார்த்துக் கையால் சுரண்டிப் பொருத்தப்படும். முதன்முறை நெருப்பு மூட்டும்போது அவசரம் கூடாது. தகடுகள் சீராக விரிவதற்குப் பல மணி நேரம் தேவை. புறப்படுகையில் சிலிண்டரில் தேங்கிய நீரை வடிகுழாய் திறந்து வெளியேற்றாவிட்டால், சுருங்காத அந்த நீரே சிலிண்டர் மூடியை உடைத்துவிடும். ஃபேரி குவீனின் அமைப்பில் நீராவி திருப்புவது நடுவிலுள்ள ஒரே இணைச் சக்கரத்தை மட்டும். முன்னும் பின்னும் உள்ளவை எடை தாங்குபவை. ஆகவே இழுவையின்போது சக்கரம் வழுக்காமல் நீராவியை அளந்து விடுவது ஓட்டுநரின் கைப்பக்குவத்தைப் பொறுத்தது.

மேற்கண்ட ஒவ்வொரு பணியும் பழைய பொருளில் ஒரு பகுதியை அகற்றுகிறது. எஞ்சின் ஓடுவதற்குத் தகுதி பெறப் பெற, 1855இன் இரும்பு குறைகிறது. எண் 21இல் இது இன்னும் தெளிவு. நூறாண்டுக்கு மேல் நின்ற அதில் பல பாகங்கள் இல்லாமலே போயிருந்தன. அவற்றைப் பணிமனையே உருவாக்கியது. எண் 22உம் இதிலிருந்து தப்பவில்லை. 2011இல் அதன் பாகங்கள் பல திருடப்பட்டன. மீண்டும் பெரம்பூருக்குச் சென்று, புதிய பாகங்களோடு 2012இல் ஓடியது.

பழைமை பேணுதல் குறித்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், இழந்த பகுதிக்கு மாற்றாக வைக்கப்படுவது முழுமையோடு இயைய வேண்டும், அதே வேளையில் மூலத்திலிருந்து பிரித்தறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கட்டடத்துக்கு இது பொருந்தும். அழுத்தம் தாங்கும் இயந்திரத்துக்கு எளிதில் பொருந்துவதில்லை. இதனால்தான் ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ எஞ்சினை இங்கிலாந்தில் அசையாப் பொருளாகவே காத்து, ஓட்டிக் காட்டுவதற்கென 1979இல் தனியே ஒரு நகலைச் செய்துகொண்டனர். சான்று ஒருபுறம், இயக்கம் மறுபுறம் என்பது அவர்கள் கண்ட வழி.

தமிழகம் அறிந்த வழி வேறு. திருவாரூர் ஆழித்தேர் 1948க்குப் பின் ஓடாது நின்று 1970இல் மீண்டும் ஓடியது. பின்னாளில் அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் பிரேக்குகளும் பொருத்தப்பட்டன. அது வேறு தேர் என்று எவரும் சொல்வதில்லை. தேருக்குத் தொன்மை மரத்தில் இல்லை, ஓடுவதில் உண்டு. எனினும் எஞ்சினுக்கு இந்த நியாயத்தை அப்படியே பொருத்த இயலாது. தேருக்கு ஆண்டுதோறும் விழா உண்டு. தச்சர் மரபும் தேரை நிறுத்தும் முட்டுக்கட்டையாளர் மரபும் உண்டு. எஞ்சினுக்கு அத்தகைய தொடர்ச்சி இருந்ததா?

ஒரு காலம்வரை இருந்தது. பெரம்பூர் லோகோ பணிமனை 1856இல் மதராஸ் இரயில்வேயால் நிறுவப்பட்டது. இவ்வெஞ்சின்களைவிட ஓராண்டே இளையது. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972இல் நீராவி எஞ்சின் உற்பத்தியை நிறுத்தியபின்னும், ஓடிக்கொண்டிருந்தவற்றைப் பழுதுபார்க்கும் அறிவு நாடெங்கும் பணிமனைகளில் எஞ்சியிருந்தது. அகலப்பாதையில் நீராவியின் வழக்கமான சேவை முடிவுற்றது 1995இல். ஃபேரி குவீன் மீண்டும் ஓடியது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து. குழாயின் முனையை விரித்துப் பொருத்தவும், தாங்கியைச் சுரண்டிச் சமன்செய்யவும் பழகிய கைகள் அப்போது இன்னும் பணியில் இருந்தன. 1997இல் 45 வயதான தொழிலாளி, 2012இல் அதே எஞ்சின் மீண்டும் ஓடியபோது ஓய்வு பெறும் வயதை எட்டியிருப்பார்.

இக்கணக்கே கேள்விக்கு விடை தருகிறது. ஓடும் எஞ்சின் 1855இன் இரும்பை முழுமையாகக் காப்பதில்லை. அது காப்பது, எஞ்சினை ஓட்டும் அறிவை. தாள் வரைபடத்தில் அந்த அறிவின் ஒரு பகுதியே அடங்கும். மிகுதி செய்தாலன்றி நிலைக்காது. ஆகவே ஓட்டுவதற்கு நியாயம் உண்டு, ஆனால் மூன்று நிபந்தனைகளோடு. அகற்றப்பட்ட ஒவ்வொரு பாகமும் எறியப்படாமல் காக்கப்பட வேண்டும். புதியதில் ஆண்டு பொறிக்கப்பட வேண்டும். என்ன மாற்றப்பட்டது, எவ்வாறு, எவரால் என்ற பதிவேடு எஞ்சினோடு சேர்ந்த ஆவணமாக வேண்டும். சான்றிதழ்களில் எஞ்சினின் பெயரும் உற்பத்தியாளரின் பெயரும் உள்ளன. கொதிகலனுக்குள் தவழ்ந்து சென்று வேலை செய்தவர்களின் பெயர்கள் இல்லை.

பெரம்பூரில் பணியாற்றி ஓய்வு பெற்றோரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது இன்னும் சில ஆண்டுகளுக்கே இயலும். ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்க்கு அதுவே தகுந்த தொடக்கம்.