பைக்கிற்கு பிரேக் பேட் மாற்றுகிறீர்களா? ‘எது நல்லதோ அதைப் போடுங்க’ என்று சொல்வதற்கு முன் இதைப் படியுங்கள்

“முன்னாடி பேட் தேஞ்சு போச்சு சார். கம்பெனி பேட் போடவா, வேற போடவா?” சர்வீஸுக்கு விட்ட பைக்கைப் பற்றி மெக்கானிக் இப்படி போன் செய்யும்போது நீங்கள் பெரும்பாலும் மீட்டிங்கில் இருப்பீர்கள். “எது நல்லதோ அதைப் போடுங்க” என்று சொல்லி போனை வைத்துவிடுவீர்கள்.

ஆனால் எல்லா பைக்கிற்கும் நல்லது என்று ஒரே பேட் கிடையாது. உங்கள் பைக்கின் டிஸ்க், நீங்கள் ஓட்டும் சாலை, ஓட்டும் விதம் ஆகிய மூன்றையும் பொறுத்துத்தான் அதை முடிவு செய்ய முடியும்.

சில நூறு ரூபாய் பொருளுக்கு இவ்வளவு யோசிக்கணுமா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கிறது. பிரேக் நன்றாகப் பிடித்து, ஒவ்வொரு விநாடியும் வேகம் 22 கி.மீ. அளவுக்குக் குறைந்தால், பைக் சுமார் 23 மீட்டரில் நின்றுவிடும். பிடி தளர்ந்து அதே வேகம் விநாடிக்கு 14 கி.மீ. மட்டுமே குறைந்தால், நிற்க சுமார் 36 மீட்டர் ஆகும். இடையிலுள்ள 13 மீட்டர் கிட்டத்தட்ட ஒரு பஸ்ஸின் நீளம்.

“என் பைக்கில் ஏபிஎஸ் இருக்கே” என்கிறீர்களா? 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். தேய்ந்த பேடுக்கு அது புதுப் பிடியைக் கொடுக்காது.

எப்போது மாற்ற வேண்டும்?

இத்தனை கி.மீ. என்று பொதுவான கணக்கு எதுவும் இல்லை. டிராஃபிக்கில் தினமும் நின்று நின்று போகிறவரின் பேடும், நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவரின் பேடும் ஒரே மாதிரி தேயாது. போன் டார்ச் அடித்து காலிபருக்குள் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராயும் பகுதி 2 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் புது பேட் வாங்கிவிடலாம். பல பேடுகளில் இதற்காகவே ஒரு பள்ளம் இருக்கும். அது மறைந்துவிட்டால் பேட் முடிந்தது என்று அர்த்தம்.

‘கர்ர்’ என்று இரும்பு உரசும் சத்தம் வருகிறதா? அப்படியானால் தகடு டிஸ்க்கைத் தின்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் பேடோடு டிஸ்க்கும் செலவில் சேரும்.

ஆர்கானிக், செமி மெட்டாலிக், சின்டர்டு: என்ன வித்தியாசம்?

ஆர்கானிக்: நார்களையும் வேறு பொருட்களையும் பிசினால் பிணைத்துச் செய்வது. சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தேய்க்காது, சூடேறாமலே நன்றாகப் பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும். நீண்ட மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூடேறி பிடி தளரும்.

செமி மெட்டாலிக்: அதே பிசினில் உலோகத் துகளும் சேரும். ஆயுளும் வெப்பம் தாங்கும் திறனும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

சின்டர்டு: உலோகப் பொடியை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுக்கிச் செய்வது. மழையிலும் கடும் வெப்பத்திலும் பிடி நிற்கும், அதிக நாள் உழைக்கும். ஆனால் விலை கூடுதல், சத்தம் வரலாம், டிஸ்க்கும் கூடுதலாகத் தேயும்.

உங்களுக்கு எது சரி?

வீடு, ஆபீஸ் என்று நகருக்குள் 100 முதல் 150 சிசி பைக் ஓட்டுகிறீர்கள் என்றால், நிறுவனம் முதலில் போட்டுக் கொடுத்த வகையே போதும். மும்பை மழையில் தினமும் ஓட்டுபவர்கள், பின்னால் ஆளும் லக்கேஜுமாக லடாக், கொல்லிமலை என்று கிளம்புபவர்கள் சின்டர்டு பற்றி யோசிக்கலாம். ஆனால் அந்த டிஸ்க்கிற்கு அது ஏற்றதா என்று பைக்கின் கையேட்டிலோ பேட் தயாரிப்பாளரின் பட்டியலிலோ பார்த்த பிறகே வாங்குங்கள்.

பேடின் பின்புறம் ‘எஃப் எஃப்’, ‘ஜி ஜி’, ‘எச் எச்’ போன்ற எழுத்துகள் இருக்கலாம். முதல் எழுத்து குளிர்ந்த நிலையிலும் இரண்டாவது சூடான நிலையிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். எழுத்து உயர உயர பிடி அதிகம். ஆனால் அது தரச் சான்றிதழ் அல்ல. பழக்கமில்லாத கைக்கு அதிகப் பிடி, அதுவும் ஏபிஎஸ் இல்லாத பைக்கில், ஆபத்தாகவும் முடியலாம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பைக் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு காலிபர் மாறியிருக்கலாம். ஆண்டு, ஏபிஎஸ் உண்டா என்ற விவரங்களோடு பார்ட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். பழைய பேடைக் கையோடு எடுத்துப்போய் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

அட்டையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, நம்ப முடியாத தள்ளுபடி இருந்தால் போலியாக இருக்கலாம். பில் வாங்காமல் வராதீர்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய அந்த பில் வேண்டும்.

மாட்டிய பிறகு?

பைக்கை நகர்த்தும் முன் பிரேக் லீவர் இறுகும்வரை பலமுறை அழுத்துங்கள். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள். அப்படியே கிளம்பினால் முதல் அழுத்தத்தில் பிரேக்கே பிடிக்காது.

முதல் 200 கி.மீ. வரை, அவசரம் இல்லாதபோது திடீர் பிரேக்கைத் தவிர்த்து, மிதமாகப் பிடித்து ஓட்டுங்கள். புது பேட் டிஸ்க்கோடு படிய அவகாசம் வேண்டும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது டிஸ்க்கை மூடிவிடுங்கள். எண்ணெய் ஊறிய பேடைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கழற்றிய பழைய பேடையும் வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் காலிபரில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேடும் அப்படியேதான் தேயும்.

அடுத்த முறை மெக்கானிக் போன் செய்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: “எந்த வகை பேட்? பார்ட் நம்பர் என்ன? டிஸ்க்ல பொறிச்சிருக்கிற குறைந்தபட்சக் கனத்துக்கு மேல இருக்கா?” இந்த மூன்றுக்கும் பதில் வந்த பிறகு “போடுங்க” என்று சொல்லலாம்.